முன்னுக்கும் பின்னுக்கும் போகும் பலகை

ரொறன்ரோ நகரம் சினோ அள்ளுவதற்கு ஆமியைக் கூப்பிட்ட அந்த வின்ரரில்தான் நான் சினோபோட் என்கிற பனிச்சறுக்குப் பலகை வாங்கினேன். ஆமி வருகிறது என்று ரீவியில் சொன்னதும் ஸ்காபரோவில் பாதிச் சனம் அடையாள அட்டையைத் தேடியது, மற்றப் பாதி அரிசியும் பருப்பும் வாங்கி அடுக்கியது. நான் இரண்டையும் செய்யவில்லை. மில்லிக்கனில் எங்கள் வீட்டு யன்னலடியில் நின்று, காரை முழுதாக விழுங்கிக் கிடந்த வெள்ளைக் குவியலைப் பார்த்துக்கொண்டு, தியாகலிங்கத்தை நினைத்து எரிந்துகொண்டிருந்தேன். அந்த எரிச்சலின் சூட்டில் எங்கள் வாசல் சினோ மட்டும் தானாக உருகி ஓடியது. அயலில் யாரும் இதை நம்புவதில்லை. அது அவர்கள் பாடு.

தியாகலிங்கம் எங்கள் முதியோர் சங்கத்தின் உபதலைவர். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். என்னை விட ஒரு சாண் உயரம், தலைமயிர் இன்னமும் முழுதாக இருக்கிறது. ஒரு மனிதன்மேல் எரிச்சல்பட இவ்வளவும் போதும். மனைவி காலமான பின்பு அஜக்ஸில் மகள் வீட்டில் இருக்கிறான். பேரப்பிள்ளைகளைச் சறுக்கு மலைக்குக் கூட்டிக்கொண்டு போன இடத்தில், காருக்குள் குந்தியிருந்தால் குளிர்கிறது என்று தானும் ஒரு வகுப்பில் சேர்ந்து சினோபோட் பழகிவிட்டான். பழகினால் பழகிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். சங்கக் கூட்டத்துக்குப் படம் கொண்டுவந்தான்.

படத்தில் ஒரு பக்கமாகச் சரிந்து வளைந்து வருகிறான். பின்னால் சினோ மயில் தோகை விரித்ததுபோல் எழும்பி நிற்கிறது. கண்ணில் ஒரு கறுப்புக் கண்ணாடி. படம் கை மாறி மாறி வந்தது. இராஜேஸ்வரி ரீச்சர் பார்த்தா, பொருளாளர் கிறிஸ்துநாயகம் பார்த்தான், கடைசியில் என் மனைவி சந்திரவதனாவின் கைக்கு வந்து அங்கேயே குடியிருந்துவிட்டது. கலியாணம் பேசுகிற வீட்டில்கூட ஒரு படத்தை அவ்வளவு நேரம் பார்க்க மாட்டார்கள்.

“தியாகு அண்ணை எண்டால் தியாகு அண்ணைதான்,” என்றாள்.

நீங்கள் இதை ஒரு சாதாரண வசனம் என்று நினைப்பீர்கள். நான் இவளோடு வாழத் தொடங்கி நாற்பது வருடம் ஆகப்போகிறது. ஸ்ரேசன் மாஸ்ரராக இருந்த காலத்தில் மாரி வெள்ளத்துக்குள் கழுத்தளவு தண்ணீரில் நின்று, ஒற்றைப் பச்சைக் கொடியோடு ஒரு முழு ரயிலை நீந்த வைத்து அக்கரை சேர்த்தவன் நான். இங்கே வந்து பிஸ்கற் தொழிற்சாலையில், மெசின் நின்றுபோன ஒரு நாள் முழுக் கனடாவுக்கும் தேவையான பிஸ்கற்றைத் தனியாளாகக் கையால் அடுக்கியவன். ஒரு நாளாவது, ஒரு பேச்சுக்காவது, ‘இவர் எண்டால் இவர்தான்’ என்று அவள் வாயிலிருந்து வந்ததில்லை. ரயில் கதையைச் சொன்னபோது, நனைந்த உடுப்பை எங்கே போட்டீர்கள் என்றுதான் கேட்டாள்.

அந்த ஒரு வசனம் எனக்கு வேண்டும் என்று அந்த இடத்திலேயே தீர்மானித்துவிட்டேன். வேறொன்றும் வேண்டாம்.

கூட்டத்தின் முடிவில் தலைவர் எழும்பி, வருகிற மாதம் சங்கத்தின் வின்ரர் சுற்றுலா என்றும், பஸ் பிடித்து பரி நகரப் பக்கத்தில் ஒரு சறுக்கு மலைக்குப் போகிறோம் என்றும், தியாகலிங்கம் அங்கே சறுக்கிக் காட்டுவார் என்றும் அறிவித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். சந்திரவதனாவின் கைதட்டல் மற்றவர்களுடையதை விடக் கொஞ்சம் பிந்தி முடிந்ததை நான் கவனித்தேன். எனக்குள் என்னவோ எழும்பியது, அதோடு சேர்ந்து நானும் எழும்பினேன்.

நானும் அன்றைக்குச் சறுக்குவேன் என்று சொன்னேன். எதிலே சறுக்கப் போகிறீர்கள் என்று கிறிஸ்துநாயகம் கேட்டான். சினோபோட்டிலே என்றேன். யாருடைய சினோபோட்டிலே என்று கேட்டான். சிலர் இப்படித்தான், ஒரு கேள்வியோடு நிறுத்தத் தெரியாது. என்னுடையதிலே என்றேன். சந்திரவதனா என்னைப் பார்த்த பார்வையில் அந்தச் சினோபோட் கூடக் கூசிப்போயிருக்கும், இருந்திருந்தால்.

அதற்கடுத்த நாள் தியாகலிங்கத்துக்குப் போன் எடுத்து, அவனுடைய மகளின் சுகம், பேரப்பிள்ளைகளின் படிப்பு எல்லாம் விசாரித்து, நடுவில் மெல்ல அவனுடைய பலகையைப் பற்றியும் கேட்டு அறிந்தேன். நீளமான பலகை. இரும்பு மாதிரி விறைப்பு. வேகமாக ஓடுவதற்கென்றே செய்தது. தலைப் பக்கம் வளைந்து நீண்டிருக்கும், வால் பக்கம் கத்தியால் சீவினதுபோல் தட்டை. அதனால் முன்னுக்கு மட்டும்தான் ஒழுங்காகப் போகும். இதைக் கேட்டதும் எனக்கு வழி தெரிந்துவிட்டது. அவன் பலகை முன்னுக்குப் போகிறதா, என் பலகை முன்னுக்கும் போகும், பின்னுக்கும் போகும், நினைத்த இடத்தில் குதிக்கும், மலையில் எந்த மூலைக்கும் இறங்கும். ஒரு பலகையில் எல்லாம் வேண்டும்.

கடைக்குச் சந்திரவதனாவும் வந்தாள். நான் கூப்பிடவில்லை. நான் தனியாகப் போய் எதையும் ஒழுங்காக வாங்கி வந்த வரலாறு இல்லை என்று சொல்லிக்கொண்டு காரில் ஏறி இருந்தாள்.

கடையின் சுவரெல்லாம் பலகை. அங்கே வேலைக்கு நின்ற இளம் பெட்டைக்குத் தலைமயிர் றோஸ் நிறம், புருவத்தில் ஒரு வளையம். சந்திரவதனா அந்த வளையத்தைப் பார்த்து, பிள்ளைக்கு முகம் கழுவேக்கை நோகாதோ என்று என்னிடம் கேட்டாள். நான் என் தேவையைச் சொன்னேன். மலை முழுக்கப் போக வேண்டும், குதிக்க வேண்டும், திரும்பிப் பின்பக்கமாகவும் வர வேண்டும். பெட்டை மிகவும் மரியாதையாகக் கேட்டுவிட்டு, இதுவரைக்கும் எந்த மலையில் சறுக்கியிருக்கிறீர்கள் என்றாள்.

கீரிமலை என்றேன்.

கீரிமலை கடற்கரையில் இருக்கிறது. அங்கே ஒரு கேணி உண்டு, மலை என்ற சாமான் கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு இல்லை. பெட்டைக்கு இது தெரியாது. கேள்விப்பட்டதில்லை, ஆனால் நல்ல இடம்போல் இருக்கிறது என்றாள். நல்ல சரிவு என்றேன். சந்திரவதனா கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பினாள்.

பெட்டை மூன்று பலகையைக் கொண்டுவந்து நிறுத்தினாள். முதலாவது தியாகலிங்கத்துடையதின் உடன்பிறப்பு, நீளமும் விறைப்பும். இரண்டாவது ஃப்ரீஸ்ரைல்காரருக்கு, கட்டையும் மெதுமையும். குதிக்கிற பெடியளுக்கும், கம்பியில் ஏறி வழுக்குகிற பெடியளுக்கும் நல்லதாம், ஆனால் வேகமாக இறங்கினால் நடுங்குமாம். மூன்றாவது இரண்டுக்கும் நடு. மலை முழுக்க ஓடும், குதிக்கவும் விடும். தலையும் வாலும் ஒரே வடிவம், அதனால் எந்தப் பக்கத்தையும் முன்பக்கம் ஆக்கலாம். ஒரு பலகைதான் வாங்குவது என்றால் இதுதான் என்றாள்.

சந்திரவதனா அவளை நம்பவில்லை. தேங்காய் தட்டுவதுபோல் மூன்றையும் விரலால் தட்டிப் பார்த்தாள். பிறகு ஒவ்வொன்றின் நடுவிலும் கையை ஊன்றி, கட்டில் மெத்தை பார்ப்பதுபோல் அமத்தினாள். முதலாவது உலக்கை என்றாள். இரண்டாவது தோசை என்றாள். மூன்றாவதை இரண்டு தரம் அமத்திவிட்டு, “உது பரவாயில்லை. சொன்னதைக் கேக்கும்போலை கிடக்கு,” என்றாள். என்னைப் பார்த்து ஒரு நாளும் இப்படிச் சொன்னவளில்லை. பலகைமேலும் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்தது.

அளவு பார்க்க வேண்டும் என்று பெட்டை பலகையை என் முன்னால் நிறுத்தினாள். நாடிக்கும் மூக்குக்கும் இடையில் வர வேண்டுமாம். தியாகலிங்கத்தின் பலகையை விட நீளமாக எடுக்க வேண்டுமே என்று நான் கழுத்தை நீட்டி, குதிக்காலை உயர்த்தி, கிட்டத்தட்ட ஒட்டகச்சிவிங்கியாகி நின்றேன். பெட்டை என் தோளில் கை வைத்து மெதுவாகக் கீழே அமத்தினாள். நிறை எவ்வளவு என்று கேட்டாள், பலகையின் அளவுக்கு அதுவும் முக்கியமாம். நான் கலியாணத்தன்று இருந்த நிறையைச் சொன்னேன். சந்திரவதனாவுக்குத் தேவையான நேரத்தில் வருகிற ஆங்கிலம் அப்போது சுத்தமாக வந்தது. சரியான நிறையைச் சொல்லி, அதற்கு மேல் கொஞ்சம் போட்டும் வைக்கச் சொன்னாள். கடைசியில் என் பாதம் அகலமானது, ஒடுங்கின பலகை என்றால் சப்பாத்து நுனி வெளியே நீட்டிச் சினோவில் இடறும் என்று பெட்டை ஒரு புது விசயத்தைக் கண்டுபிடித்தாள். அந்த நீளத்தில், அந்த அகலத்தில், அந்த நடுத்தர விறைப்பில் அவர்களிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அதன் மேல்பக்கத்தில் ஒரு மண்டையோடு. கண் இரண்டிலும் நெருப்பு, வாயிலிருந்து ஒரு முழ நீளத்துக்கு நாக்கு. அடிப்பக்கம் மட்டும் ஒரு படமும் இல்லாமல் வெள்ளை வெளேர் என்று இருந்தது.

“உந்தப் பேயை வீட்டுக்குள்ளை கொண்டுவரேலாது,” என்றாள் சந்திரவதனா.

பூப்போட்டது இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தேன். இருந்தது, ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் அளவில். பேய்தான் என்று முடிவாகியது. பெட்டை அடிப்பக்கத்துக்கு மெழுகு உருக்கித் தேய்த்து, கண்ணாடி மாதிரி மினுக்கித் தந்தாள். இந்த மெழுகுதான் உயிர், இதனால்தான் வழுக்கும் என்றாள். நான் தலையாட்டினேன். சந்திரவதனா புருவ வளையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காரில் வரும்போது, நேரே கோயிலுக்கு விடுங்கோ என்றாள். எங்கள் கார் வாங்கிய அன்றைக்கும் கோயிலுக்குத்தான் முதலில் போனோம். ஐயர் நான்கு சில்லுக்கும் தேசிக்காய் வைத்து, சந்தனம் குங்குமம் பூசினார், நான் தேசிக்காயை நசுக்கி ஓட்டினேன். அது சரி, ஆனால் இந்தப் பேய்ப் பலகையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அதே ஐயருக்கு முன்னால் போய் நிற்பதா? வெள்ளிக்கிழமைக்குள் செய்தி அஜக்ஸுக்குப் போய்விடும். தியாகலிங்கம் சிரிப்பான். அவன் பலகைக்கு ஒரு தேசிக்காயும் நசுக்காமல்தானே மயில்தோகை விரிக்கிறான்.

“உது வாகனம் இல்லையப்பா,” என்றேன்.

“ஏறி நிண்டு போறதுதானே. பிறகென்ன வாகனம் இல்லாமல்?”

முடியாது என்று உறுதியாகச் சொல்லிவிட்டேன். அவள் பிறகு ஒன்றும் பேசவில்லை. சந்திரவதனா பேசாமல் இருந்தால் வானிலை அறிக்கை கேட்பது நல்லது. நான் கேட்கவில்லை.

பயிற்சியை முன் அறைக் கம்பளத்தில் தொடங்கினேன். சப்பாத்தைப் பலகையில் பூட்டி, அதோடு குதித்து, அந்தரத்தில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி இறங்கினேன். கீழே பேஸ்மென்ற்றில் குடியிருக்கும் பஸ்ரியன் ஓடி வந்து, அங்கிள், பிறிஜ் விழுந்துபோச்சுதோ என்று கேட்டான். அவனையும் கூட்டிக்கொண்டு வெளியே போய், வாசலில் புதிதாகக் குவிந்திருந்த சினோ மலையின் உச்சியில் ஏறிப் பலகையை விட்டேன். என்ன வழுக்கு அது. பலகை வெண்ணெயில் கத்தி இறங்கினதுபோல் போனது. பஸ்ரியனைக் கேட்டால், அங்கிள் இரண்டு அடி போய் வேலியில் நின்றவர் என்பான். ஸ்டீல்ஸ் வீதிச் சந்தியில் சிவப்பு விளக்கு விழுந்தபடியால்தான் நான் நின்றேன் என்பது அவனுக்கு விளங்கவில்லை.

சந்திரவதனா யன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது சொல்லுவாள் என்று உள்ளே போனேன். அவள் போனில் நின்றாள். வைத்துவிட்டு, முழங்காலை மடித்துக்கொண்டு நிற்க வேணுமாம், தியாகு அண்ணை சொன்னவர் என்றாள். என்னுடைய சறுக்கைப் பார்த்துவிட்டு அவனிடம் ஆலோசனை கேட்டிருக்கிறாள். அன்றிலிருந்து நான் முழங்காலை மடிக்கவே இல்லை. படி ஏறும்போதுகூட.

சுற்றுலா நாள் விடிந்தது. பலகையை எடுக்கப் போனால் அது சாமியறை வாசலில், ஒரு பழைய பெட்சீற்றால் பொட்டளியாகச் சுற்றிக் கட்டி நிறுத்தியிருந்தது. பஸ்ஸுக்குள் கீறுப்படாமல் இருக்கட்டும் என்று கட்டினேன் என்றாள் சந்திரவதனா. எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. முதல் முறையாக என் சாமான் ஒன்றில் அக்கறை. வசனம் வந்துகொண்டிருக்கிறது, இன்றைக்குப் பின்னேரத்துக்குள் வந்து சேர்ந்துவிடும் என்று நினைத்தேன்.

பஸ்ஸில் ரோல்ஸ், வடை, தேத்தண்ணிப் போத்தல், பாட்டு. தியாகலிங்கம் முன் சீற்றில் ஏதோ விமானம் ஓட்டுகிறவன் மாதிரி இருந்தான். சந்திரவதனா கைப்பையை மடியில் வழிமுழுக்க இறுக்கிப் பிடித்தபடி வந்தாள்.

மலை என்றால் மலை. உச்சியில் விமானம் முட்டாமல் இருக்க விளக்குப் போட்டிருந்தார்கள் என்று நினைக்கிறேன். பழகுகிறவர்களுக்கென்று பக்கத்தில் ஒரு சின்னச் சரிவும் இருந்தது. மரியாதைக்காக நான் அதிலேயே தொடங்குகிறேன் என்று சொன்னேன். சங்கத்து ஆட்கள் அடிவாரத்தில் வரிசையாக நின்றார்கள். இராஜேஸ்வரி ரீச்சர் கமெராவோடு. சந்திரவதனா சேலைக்கு மேல் கோட்டுப் போட்டு, கைகளைக் கூப்பினமாதிரிப் பிடித்துக்கொண்டு. பொட்டளியை அவிழ்த்து, பேய் மேலே பார்க்கப் பலகையைச் சினோவில் போட்டேன். ஓடுகிற கயிறு ஒன்றைப் பிடித்தால் அது மேலே இழுத்துக்கொண்டு போகிறது. என்னையும் இழுத்தது, ஆனால் சாதாரணமாக இல்லை. மாடு வண்டிலை இழுப்பதுபோல் முக்கி முக்கி இழுத்தது. என் நிறையைக் கயிறும் கேள்விப்பட்டுவிட்டதாக்கும் என்று நினைத்தேன்.

மேலே குந்தியிருந்து இரண்டு சப்பாத்தையும் பூட்டி எழும்பினேன். கீழே எல்லா முகமும் என்னைப் பார்த்தபடி. மூச்சை இழுத்துப் பலகையைச் சரிவுக்குத் திருப்பினேன்.

பலகை நின்றது.

உடம்பை முன்னுக்குச் சரித்தேன். நின்றது. குலுக்கினேன். நின்றது. இது முன்னுக்கும் பின்னுக்கும் போகிற பலகையல்லவா, வாலைத் தலையாக்கிப் பார்த்தேன். அந்தப் பக்கமாகவும் அதே மாதிரி நின்றது. குதித்தேன், குதித்த இடத்திலேயே வந்து ஒட்டியது. நாலு வயதுப் பிள்ளைகள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒரு பிள்ளை என்னை அடையாளக் கம்பம் என்று நினைத்து என்னில் திரும்பிப் பழகியது. வாசல் சினோவை உருக்கிய என் எரிச்சல் அந்த மலையை ஆறாக்கியிருக்க வேண்டும், அன்றைக்கு அதுகூட வேலை செய்யவில்லை. கீழே சந்திரவதனா மட்டும் கையை இறக்கிவிட்டு, நிம்மதியாக ஒரு ரோல்ஸ் எடுத்துக் கடிப்பது தெரிந்தது.

அப்போது பெரிய மலையிலிருந்து ஒருவன் சரிந்து வளைந்து, தோகை விரித்து வந்து என் பக்கத்தில் நின்றான். கறுப்புக் கண்ணாடி. வேறு யார்.

“என்ன நவம், காட்சி பாக்கிறியோ?” என்றான் தியாகலிங்கம்.

பலகை பிழை, கடைக்காரி ஏமாத்திப்போட்டாள் என்றேன். அவன் தன் சப்பாத்தைப் பலகையிலிருந்து கழற்றிவிட்டுக் குனிந்தான். நானும் குந்தியிருந்து என்னுடையதைக் கழற்றினேன். இருவருமாகப் பலகையைப் புரட்டினோம்.

தலையிலிருந்து வால் வரைக்கும் மூன்று திருநீற்றுக் குறி. விரலால் இழுத்தது அல்ல, உள்ளங்கையால் இழுத்தது. நடுவில் தோசை அளவில் சந்தனப் பொட்டு, அதற்குள் குங்குமம். எல்லாம் காய்ந்து அரத்தாள்போல் சொரசொரத்து, அதன்மேல் சினோ கட்டிபட்டு உறைந்து கிடந்தது. கடைக்காரி உயிர் என்று சொன்ன மெழுகு இருந்த இடமே தெரியவில்லை.

எனக்குக் காது சிவந்தது. சிரிக்கப் போகிறான், கீழே போய்ச் சொல்லப் போகிறான், அடுத்த சங்கக் கூட்டத்துக்கு இதுதான் படம். நான் காத்திருந்தேன். அவன் சிரிக்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான்.

“சந்திராவே பூசினது?”

“வேறை ஆர்?”

அவன் கையுறையைக் கழற்றி, அந்தச் சந்தனத்துக்குக் கிட்டக் கொண்டுபோய், தொடாமல் எடுத்தான். “என்ரை பலகை கராஜிலை கிடக்குது. வீட்டிலை ஒருத்தரும் திரும்பியும் பாக்கிறேல்லை,” என்றான். பிறகு, “என்ரை மனுசி இருந்திருந்தால் இதைவிடத் தடிப்பாய்ப் பூசியிருப்பாள்,” என்றான்.

அவன் முகத்தைப் பார்த்தேன். அதில் இருந்ததை அடையாளம் காண எனக்கு ஒருவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இத்தனை வாரமும் சவரம் எடுக்கும்போது கண்ணாடியில் நான் பார்த்த அதே சாமான். கலப்படம் இல்லாத முதல்தரப் பொறாமை. தியாகலிங்கத்துக்கு, என்மேல். எனக்கு அவன்மேல் இரக்கம் வந்தது உண்மைதான். ஆனால் சந்தோசம் அதற்கு முன்னாலேயே வந்து இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டது.

நான் நடந்து இறங்கினேன். பலகையை ஒளிக்கவில்லை. குறியும் பொட்டும் வெளியே தெரிய, சுவாமி காவுவதுபோல் தோளில் வைத்து, சங்கம் முழுக்கப் பார்க்க, ஆறுதலாக நடந்தேன். தியாகலிங்கமும் தன் பலகையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நடந்து வந்தான்.

“ஏன் நடந்து வாறியள்?” என்றாள் சந்திரவதனா.

“உன்ரை திருநீறு விட்டால்தானே.”

“விழுந்தியளோ?”

“இல்லை.”

“எங்கையும் முட்டுப்பட்டியளோ?”

“அசைஞ்சால்தானே முட்டுப்பட.”

“பிறகென்ன,” என்றாள். “வேலை செய்திருக்குதுதானே.”

பிறகுதான் முழுக் கதையும் வந்தது. கோயிலுக்கு நான் மறுத்தபடியால் சாமியறையில் தானே செய்திருக்கிறாள். மேல்பக்கம் பேய், பேயின் நெற்றியில் பொட்டு வைக்கக் கூடாது. திருப்பிப் பார்த்திருக்கிறாள், அடிப்பக்கம் துப்புரவாக, வெறுமையாக, பொட்டு வைக்கவென்றே விட்டதுபோல் இருந்திருக்கிறது. தொட்டால் ஏதோ பிசுபிசு என்று இருந்ததாம். பிசுபிசுத்த இடத்தில் திருநீறு பூசலாமா? சட்டி தேய்க்கிற கம்பி போட்டு, சுடுதண்ணி ஊற்றி, பிசுக்கெல்லாம் போகும்வரை உரஞ்சிக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் பூசினாளாம். இராஜேஸ்வரி ரீச்சர் அந்த அடிப்பக்கத்தையும் படம் எடுத்தா.

அப்போது தியாகலிங்கம் தன் பலகையைப் புரட்டிப் பிடித்தான். “தங்கச்சி, இதுக்கும் ஒண்டு வைச்சு விடு.”

சந்திரவதனா கைப்பையைத் திறந்தாள். அவள் வழிமுழுக்க இறுக்கிப் பிடித்து வந்தது ஒரு கடதாசிச் சரைக்குள் சந்தனம். தேத்தண்ணிப் போத்தலின் மூடியில் ஒரு துளி சுடுதண்ணி விட்டுக் குழைத்து, அண்ணை, ஆடாமல் பிடியுங்கோ என்று சொல்லி, நுனிவிரலால் ஒரு பொட்டு வைத்தாள். எனக்குத் திரும்பவும் எரியத் தொடங்கியது. அவனுக்கு வைத்தது மிளகளவுதான், ஆனால் என்ன வட்டம். என்னுடையது தோசை என்றேனே, அதுவும் ஒரு பக்கம் இழுபட்ட தோசை. அவன் பெரிய மலைக்குப் போய், அந்தப் பொட்டோடு, ஒரு தடங்கலும் இல்லாமல் தோகை விரித்து இறங்கினான். என்னைப் பிடித்து வைத்த சந்தனம் அவனை மட்டும் விட்டுவிட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். சந்திரவதனாவின் கைதட்டல் இந்த முறையும் பிந்தித்தான் முடிந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் என் எரிச்சலுக்கு ஹீற்றர் தேவைப்படவில்லை. எங்களுக்கு முன்னால் இருந்த இராஜேஸ்வரி ரீச்சர் திரும்பி, அதென்ன சந்திரா, அவருக்கு ஒரு குட்டிப் பொட்டு, இவருக்கு மட்டும் பலகை முழுக்கப் பூசியிருக்கிறாய் என்று கேட்டா. நான் யன்னலைப் பார்ப்பதுபோல் இருந்தேன். என் உடம்பில் இரண்டு காதைத் தவிர வேறொன்றும் இல்லை.

“தியாகு அண்ணை எண்டால் தியாகு அண்ணைதான், ரீச்சர். அவருக்கு ஒரு பொட்டுக் காணும், போனால் திரும்பி வந்திடுவார்,” என்றாள் சந்திரவதனா. பிறகு ஒரு பெருமூச்சு விட்டாள். “இவர் எண்டால் இவர்தான். மூண்டு குறி இழுத்தும் எனக்கு நெஞ்சிடி நிக்கேல்லை.”

வந்துவிட்டது. எந்தத் தொனியில் வந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். பஸ்ஸிலும் இரண்டொருவர் சிரித்தார்கள். நான் தொனியைக் கேட்டு நோன்பிருக்கவில்லை. வசனம் வேண்டும் என்றேன், ஒரு எழுத்துக் குறையாமல், சாட்சிகளுக்கு முன்னால் வந்தது. முன் சீற்றில் தியாகலிங்கத்தின் முதுகு கொஞ்சம் நிமிர்ந்ததைப் பார்த்தேன். அவனுக்கும் கேட்டிருக்கிறது.

பலகையை நான் கழுவவில்லை. திரும்ப மெழுகு போட்டுத் தருகிறேன் என்று பஸ்ரியன் கேட்டான், தொடாதே என்றுவிட்டேன். முன் அறைச் சுவரில், பேய் சுவரைப் பார்க்க, குறியும் பொட்டும் எங்களைப் பார்க்க மாட்டியிருக்கிறேன். மலை முழுக்க ஓடும், குதிக்கும், முன்னுக்கும் பின்னுக்கும் போகும், ஒரே இடத்தில் நிற்கவும் நிற்கும். இவ்வளவும் செய்கிற பலகை ரொறன்ரோவில் வேறு யாரிடமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் தியாகலிங்கம் தேத்தண்ணிக்கு வருகிறான். வீட்டில் நல்ல கதிரைகள் கனக்க உண்டு. நான் அவனை எப்போதும் அந்தச் சுவருக்கு நேரே இருக்கிற கதிரையில்தான் இருத்துவேன்.